அஞ்சுல வளைக்கறது இருக்கட்டும், அம்மிணி!

டீச்சரம்மா, பால்வாடி அம்மிணி, எல்.கே.ஜி. மிஸ், எல்லாரும் கேளுங்க. பேத்தியக் கொண்டாந்து உட்டுப்போட்டு, மத்தியானம் கூட்டிட்டுப் போற வரைக்கும் சுவத்தோரத் திண்ணையில ஒக்காந்திருக்கற கெழவன் நானுங்க. காது மந்தம்னு ஊருக்குள்ள பேரு. அந்தப் பேரை நானும் கெடுத்துக்கறதில்லை. செவுடனுக்கு முன்னால தானுங்க சனங்க மனசு உட்டுப் பேசறாங்க.

அப்பிடிக் காதுல உழுந்த வரைக்கும், மழலை வகுப்புல சுற்றுச்சூழல் கல்வி வேணுமான்னு உங்களைக் கேட்டா நீங்க அத்தனை பேரும் ஒரே பல்லவி. "ரொம்ப முக்கியமான விசயமுங்க சார்." மூச்சு வாங்கிட்டு, "ஆனா..." அந்த ஆனாவுக்கு அப்புறம் வர்றது மட்டும் ஆளாளுக்கு வேற. எடம் இல்லைங்கறீங்க. எங்களுக்கே யாரும் சொல்லித் தரலைங்கறீங்க. பெத்தவங்க ஏ.பி.சி.டி.தான் கேக்கறாங்கங்கறீங்க. நேரம் இல்லைங்கறீங்க. ஒண்ணை மட்டும் யாரும் வாய் உட்டுச் சொல்றதில்லை. அதைக் கடைசியா நான் சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது.

மொதல்ல உங்க பக்கத்து நியாயத்தைச் சொல்லிப்போடறேன். இல்லாட்டி கெழவனுக்கு வாய் நீளம்னு பேத்தியோட சத்துமாவுல கை வெச்சுருவீங்க. பால்வாடி டீச்சரம்மா காலையில வந்தா எடை பாக்கோணும், ஒசரம் பாக்கோணும், போஷன் டிராக்கர் ஆப்ல ஏத்தோணும், சிக்னல் இல்லைன்னா போனைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடோணும், முட்டை எண்ணோணும், கர்ப்பிணிக்கு மாவு குடுக்கோணும், தேர்தல் வந்தா வாக்காளர் பட்டியலைக் கக்கத்துல இடுக்கோணும். 2019 சனவரியில பள்ளிக்கோட வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடியில எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொறந்தாங்களே, அப்ப இடைநிலை ஆசிரியைகளைத் தூக்கி அங்க போட்டாங்க. பெரிய பசங்களுக்குப் பாடம் நடத்தப் படிச்ச எங்களை இந்த வாண்டுகளோட கோத்து உட்டா எப்பிடின்னு அவங்க நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. அந்தக் கோவத்துலயும் நியாயம் இருந்துச்சு. மூணு வயசுக்குச் சொல்லித் தர்றது தனி வித்தை. மூக்கு ஒழுகறதையும் தொடைக்கோணும், கேள்விக்கும் பதில் சொல்லோணும்.

அப்புறம், இந்தச் சுற்றுச்சூழல் பாரத்தை உங்க தலையில ஏத்துனது யாருன்னு பாத்தேன். 1977-ல, அப்ப சோவியத்துக்குள்ள இருந்த ஜார்ஜியாவுல, திபிலீசிங்கற ஊர்ல ஒலகத்து அதிகாரிங்க எல்லாம் கூடி, சுற்றுச்சூழல் படிப்பு பள்ளிக்கு முந்துன வயசுலயே ஆரம்பிச்சு ஆயுசு பூரா நடக்கோணும்னு எழுதி வெச்சாங்க. நம்ம தேசத்துல எம்.சி. மேத்தாங்கற வக்கீல் போட்ட வழக்குல 1991-ல உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிக்கோடத்துலயும் அதைச் சொல்லிக் குடுங்கன்னு உத்தரவு போட்டுது. பன்னண்டு வருசம் பொறுத்துப் பாத்துட்டு, 2003 டிசம்பர்ல, "சொன்னது காதுல உழுகலையா?"ங்கற தோரணையில இன்னொரு உத்தரவு.

இந்தக் கதையக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத் தாங்கலீங்க. எங்க நொய்யலுக்கும் இதே கதைதானே! வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூர், எங்க திருப்பூர் தாண்டி, கரூர்ப் பக்கம் காவேரியில சேர்ற ஆறு. பாசனத்துக்குன்னு ஒரத்துப்பாளையத்துல 1992-ல அணை தொறந்தாங்க. தொறந்த அணையில தேங்குனது எங்க ஊர்ப் பட்டறைச் சாயத் தண்ணி. கெணறு போச்சு, தென்னை போச்சு, ஆடு மாடு வாய் வெக்காத தண்ணியாப் போச்சு. அணை வேணும்னு கேட்ட வெவசாயிங்களே, "தண்ணியத் தேக்காதீங்க சாமி"ன்னு கும்புட்டுக் கேக்கற நெலைமை. ஆயக்கட்டுதாரருங்க சங்கம் வெச்சு வழக்குக்குப் போனாங்க. சாயக் கழிவை வெளிய உடாதீங்கன்னு 2006-ல உயர் நீதிமன்றம், 2009-ல உச்ச நீதிமன்றம். சொல்லியும் கேக்கலைன்னு 2011 சனவரி 28-ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறை, சலவைப்பட்டறை அத்தனையும் மூடச் சொல்லிப்போட்டுது. எழுநூத்துக்கு மேல பட்டறை. ஒரே நாள்ல ஊரு ஊமையாப் போச்சு. ஆக, படிப்புக்கும் கோர்ட்டு, ஆத்துக்கும் கோர்ட்டு. ரெண்டுலயும் ஒரு தடவை சொன்னா நமக்குக் காது கேக்கறதில்லை. என்னையப் போயி மந்தம்கறாங்க!

ஆண்டு விழா மேடையில ஏறுனா நீங்க மொதல்ல எடுத்து உடறது, "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையாது." என் கண்ணால பாத்த சங்கதி வேறங்க. சாயப்பட்டறை மொதலாளிமாரு முக்காவாசிப் பேரு அம்பதைத் தாண்டுனவங்க. ஒரு கையெழுத்துல வளைஞ்சாங்க பாருங்க! ஒரு சொட்டுக்கூட வெளிய போகக் கூடாதுன்னு ஆனதும் ஆர்.ஓ. மிசினு வந்துச்சு. மிச்சத் தண்ணிய ஆவியாக்கற எந்திரம் வந்துச்சு. உப்பைப் பிரிச்சு எடுத்துத் திரும்பவும் சாயத்துக்கே போட்டாங்க. சுத்தமான தண்ணியும் அதே பட்டறைக்கே திரும்பிப் போச்சு. இன்னிக்கு வெளிநாட்டு பையரு வந்து எறங்குனா, இதையே மொத மாலையாக் கழுத்துல போட்டுக்கறாங்க. நல்லதுதான், நான் கொறை சொல்லலை. அம்பதும் வளையும் அம்மிணி, வளைக்க ஆள் வேணும், அவ்வளவுதான். அதனால அம்பது வாங்குன கடனை அஞ்சு பேருல எழுதறதுக்கு முன்னால கொஞ்சம் ரோசனை பண்ணோணும்.

எழுதறீங்களா இல்லையா, நீங்களே சொல்லுங்க. சூன் 5, சுற்றுச்சூழல் நாள் வந்தா கொழந்தை தலையில காயிதத்துல செஞ்ச எலை, கையில "பூமித்தாயைக் காப்போம்"னு அட்டை, முதுகுக்குப் பின்னால பத்தடி பிளக்ஸ். அந்த பிளக்ஸ் பின்னாடி எந்தக் குப்பை மேட்டுக்குப் போவுதுன்னு யாரும் கேக்கறதில்லை. ஒரு வருசம் பனிக்கட்டி உருகறதையும் கரடி தவிக்கறதையும் டி.வி.யில போட்டுக் காட்டுனீங்க. பேத்தி ஊட்டுக்கு வந்து, "அப்புச்சி, பூமி செத்துப் போயிருமா?"ன்னு கேட்டுது. நாலு வயசு! இன்னும் கோழிக்குஞ்சு செத்ததுக்கே அர்த்தம் தெரியாத வயசு. அமெரிக்காவுல டேவிட் சோபல்னு ஒரு கல்வியாளரு 1996-லயே இதைப் பத்திச் சின்னப் புஸ்தகம் எழுதியிருக்காரு. இத்துனூண்டுக் கொழந்தைக்கு அழிவைக் காட்டிப் பயம் ஏத்துனா, அது இயற்கையை உட்டே வெலகிப் போகும். மொதல்ல ஒட்டுதல் வரட்டும், பெரிய சங்கடத்தை எல்லாம் பத்து வயசு வாக்குல பாத்துக்கலாம்கறது அவரு கட்சி. எங்க ஊர்ப் பாட்டிகளும் அதே கட்சிதான். ஆனா பாட்டிக்கு எவன் புஸ்தகம் போடறான்?

சரி, உங்க "ஆனா"வுக்கு வர்றேன்.

எடம் இல்லைங்கறீங்க. இதே ரோட்டுல ஒரு நர்சரிப் பள்ளி இருக்குது, பேரு எதுக்கு? முன்வாசல்ல இருந்த புங்க மரத்தை வெட்டி, அந்த எடத்துல பச்சைக் கலர்ல பிளாஸ்டிக் புல்லு விரிச்சு, அதுக்கு மேல "பசுமை வளாகம்"னு எழுதி வெச்சிருக்காங்க. வெயில்ல அந்தப் புல்லு காயற சூட்டுக்குத் தோசை ஊத்தலாம். எடம் இல்லாமயா மரம் நின்னுச்சு? மராட்டியத்துல தாராபாய் மோடக்னு ஒரு அம்மா. 1945-ல போர்டிங்கற ஊர்ல, பள்ளிக்கோடத்துக்கு வராத ஏழைக் கொழந்தைகளுக்காகப் பள்ளிக்கோடத்தையே அவங்க வாசலுக்குத் தூக்கிட்டுப் போனவங்க. அவங்களும் அனுதாய் வாகும் வெச்சிருந்த பாட சாமான் என்னன்னு நெனைக்கறீங்க? கூழாங்கல்லு, வெதை, எலை, குச்சி, கிளிஞ்சல். நம்ம பால்வாடிக்கே அவங்கதான் முன்னோடி. உங்க சன்னலுக்கு வெளிய பத்தடி மண்ணு இருக்குதுல்ல? எருக்கஞ்செடி ஒண்ணு, எறும்புப் புத்து ஒண்ணு, மத்தியானமானா வந்து படுக்கற ஆடு ஒண்ணு. ஒரு வருசத்துப் பாடம் அங்க கெடக்குது.

சுற்றுலான்னா மட்டும் காசு கட்டி ரயிலு பொம்மை இருக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளம் கெடக்குது. நல்லாத்து வெள்ளம் வந்து நெறையற எடம். 2022-ல பறவைகள் சரணாலயமாச்சு, 2024 ஆகஸ்டுல ஒலக ஈரநெலங்களோட ராம்சார் பட்டியல்லயும் ஏறிப்போச்சு. குளிர் காலத்துல இமயமலையத் தாண்டி வரித்தலை வாத்து வந்து எறங்குது. அதுங்க எந்த எல்.கே.ஜி.யிலயும் படிக்காம வழி கண்டுபுடிச்சு வருது. பனியன் ஊர்ல பொறந்த கொழந்தைக்குத்தான் அந்தக் குளம் எந்தப் பக்கம்னு தெரியறதில்லை. சில மிஸ்ஸுக்கும் தெரியாது, பேரு சொல்ல மாட்டேன்.

அடுத்தது, எங்களுக்கே யாரும் சொல்லித் தரலைங்கறது. ரெண்டு நாள் பயிற்சி, ஒரு டீ, ஒரு பை, ஒரு சான்றிதழ், இதுக்கு ஏங்குறீங்க. தப்பில்லை. ஆனா உங்க சமையக்கட்டுல ஒரு ஆயாம்மா நிக்கறாங்களே, அவங்களை என்னிக்காச்சும் ஒரு கேள்வி கேட்டீங்களா? அவங்க காங்கேயத்துப் பக்கம், கொரங்காட்டுல மாடு மேய்ச்சு வளந்தவங்க. கொரங்காடுன்னா மேய்ச்சலுக்குன்னே உட்டு வெச்ச நெலம். சுத்தியும் கிளுவை வேலி, நடுவால வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப்புல்லு. எந்தப் புல்லை மாடு மொதல்ல கடிக்கும், எந்தச் செடிக்கிட்ட கொழந்தை போகக் கூடாது, கரையான் எப்ப றெக்கை மொளைச்சுப் பறக்கும், எல்லாம் அவங்களுக்கு அத்துபடி. நீங்க சுவத்துல சிங்கம், வரிக்குதிரை, பென்குயின் படம் ஒட்டி வெச்சுட்டு, அவங்களைப் பருப்பு வேக வைங்கன்னு உள்ள அனுப்பிப்போட்டீங்க. இந்த ஊர்ல பென்குயினை எவன் பாத்தான்? மரியா மாண்டிசோரி அம்மா 1939-ல அடையாறுக்கு வந்து, ஒலகச் சண்டைக் காலத்துல கொடைக்கானல்ல இருந்தாங்க. அங்க மலையில கெடைச்ச செடி கொடி, உசுருகளை வெச்சும் கொழந்தைகளுக்குப் பாடம் நடந்துச்சு. அந்தம்மாவே சுத்தி இருக்கறதைக் கையில எடுத்தாங்க. நமக்கு மட்டும் படத்துல இருக்கற பென்குயினு.

பெத்தவங்க ஏ.பி.சி.டி. கேக்கறாங்கன்னு சொல்றீங்க. கேக்கத்தான் செய்வாங்க. காலையில எட்டரைக்குக் கம்பெனிக்குள்ள போயி, ஒன்றரை ஷிப்டு பாத்துட்டு ராத்திரி எட்டரைக்கு வெளிய வர்ற தாய்க்கு, நோட்டுல நாலு எழுத்துத் தெரிஞ்சாத்தான் குடுத்த பீசுக்கு வழி தெரியுது. ஆனா டெல்லியில 2022-ல போட்ட அடித்தள நெலைப் பாடத்திட்டமே மூணு முதல் ஆறு வயசு வரைக்கும் பாடப்புஸ்தகம் வேண்டாம்னுதான் சொல்லுது. அதைப் பெத்தவங்க கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமுல்ல? சொல்ல மாட்டீங்க. அடுத்த தெரு நர்சரிக்காரன் நாலு வயசுக்கு நாலு நோட்டுன்னு பிளக்ஸ் வெச்சிருக்கான், அட்மிசன் போயிரும்.

இன்னொரு சங்கடமும் கேட்டேன். இப்ப வகுப்புல பாதிக் கொழந்தை பீகாரு, ஒடிசா. நீங்க தமிழ்ல சொன்னா அது இந்தியில அழுவுது. பாட்டுச் சொல்லித் தர முடியலை, கதை சொல்ல முடியலைன்னு பொலம்பறீங்க. அந்த மூணு மொழிக் கூட்டத்தை எறும்புப் புத்துக்கிட்ட கொண்டு போயி ஒக்கார வெச்சுப் பாருங்க. ஒரு சோத்துப் பருக்கையப் போடுங்க. ஒண்ணு "அங்க பாரு"ங்கும், இன்னொண்ணு "உதர் தேக்கோ"ங்கும். அரை மணி நேரம் ஒரு சண்டை வராது. மொழிபெயர்க்கறதுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

நேரம் இல்லைங்கறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். தனியா ஒரு பிரிவேளை கேட்டாத்தானே நேரம் வேணும்? மத்தியானம் கை கழுவறீங்க. அந்தத் தண்ணி சாக்கடைக்குப் போகுதா, வாழைக்குப் போகுதா? ஒரு துண்டுக் குழாய் வெச்சுத் திருப்பி உட்டா, தெனமும் பாடம் நடக்குது, மணியும் அடிக்க வேண்டாம். முட்டை உரிச்ச ஓட்டைக் கொழந்தை கையாலயே செடி மூட்டுல நொறுக்கிப் போடச் சொல்லுங்க. கொட்டாங்குச்சியில ஒரு அவரை வெதை. வெதை மொளைக்கலைன்னாலும் பாடந்தான். ஏன் மொளைக்கலைன்னு நாலு வயசு சொல்ற காரணம் இருக்குதே, அதைக் கேக்கறதுக்கே நான் காசு குடுப்பேன்.

மண்ணுல கை வெச்சா பெத்தவங்க போன் பண்றாங்கங்கறதும் நெசந்தான். கண்ணாடிச் சில்லு, ஊசி, நாய் எல்லாம் கெடக்கற ஊரு. அதனால எடத்தைக் கூட்டிப் பெருக்கி, சின்னதா ஒரு வேலி போட்டு, ஆயாம்மாவைப் பக்கத்துல நிக்க வெச்சு உடுங்க. முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. மண்ணு ஒட்டறதுக்காகக் கொழந்தையையே வெளிய உடாம வெச்சா, அப்புறம் சுற்றுச்சூழலை எங்க போயி காட்டுவீங்க, பீரோவுக்குள்ளயா?

இப்ப நம்மூருக்குன்னே ஒரு பாடம் வெச்சிருக்கேன், கேளுங்க. சுவிட்சர்லாந்துல 2021-ல மண்ணு ஆராய்ச்சிக்காரங்க ஒரு வேலை பண்ணுனாங்க. ஆயிரம் பேரு, ஆளுக்கு ரெண்டு வெள்ளைக் காட்டன் ஜட்டியத் தோட்டத்துல பொதைச்சாங்க. சிரிக்காதீங்க அம்மிணி, நெசமாத்தான். கொஞ்ச நாள் கழிச்சுத் தோண்டிப் பாத்தா, உசுருள்ள மண்ணுல துணி மக்கிப் போயி எலாஸ்டிக்கு மட்டும் நிக்கும். செத்த மண்ணுல ஜட்டி அப்பிடியே இருக்கும், தொவைச்சுப் போட்டுக்கலாம்கற அளவுக்கு. கனடாவுலயும் வெவசாயிங்க இதைப் பண்ணிப் பாக்கறாங்க. ஒலகத்துக்கே உள்ளாடை தெச்சு அனுப்பற ஊர்ல, இந்தப் பாடத்தை இன்னும் எவனும் ஆரம்பிக்கலைன்னா என்ன சொல்றது? நம்ம தெருவுல கட்டிங் வேஸ்டு மூட்டை மூட்டையாக் கெடக்குது. காட்டன் துண்டு ஒண்ணு, பாலியஸ்டர் துண்டு ஒண்ணு, ரெண்டையும் கொழந்தைக கையால குழி தோண்டிப் பொதைங்க. மேல கல்லு ஒண்ணு அடையாளத்துக்கு. ரெண்டு மாசம் தண்ணி ஊத்துங்க. தோண்டற அன்னிக்குக் காட்டன் பிஞ்சு நாராக் கெடக்கும், பாலியஸ்டர் புதுசாச் சிரிக்கும். மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு நீங்க பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வரைஞ்சு காட்டறதை எல்லாம் அந்த ஒத்தைத் துண்டு சொல்லிப்போடும். அவங்கம்மா கம்பெனியில பிசிறு வெட்டற துணி எந்த ரகம்னு அன்னிக்கு ராத்திரியே ஊட்டுல விசாரணை நடக்கும்.

சரி, யாரும் வாய் உட்டுச் சொல்லாததுக்கு வர்றேன். கொழந்தையோட அப்பன் சாயப்பட்டறையில வேலை. மழை பேஞ்ச மறுநாள் ஓடையில தண்ணி நெறம் மாறி வருது. கொழந்தை கேக்குது, "மிஸ், தண்ணி ஏன் செவப்பா இருக்குது?" உங்களுக்கு நாக்கு மேல்வாயில ஒட்டிக்குது. சாயம் போட்டாத்தான் துணி, துணி போனாத்தான் சனிக்கிழமை சம்பளம், சம்பளம் வந்தாத்தான் உங்க பீசு. இந்தியாவுல இருந்து ஏத்துமதியாகற பின்னலாடையில பாதிக்கு மேல இந்த ஒரு ஊருதான். அதனால எடம், நேரம், பயிற்சின்னு சுத்திச் சுத்தி வர்றீங்க. இந்தக் கேள்வி வந்துருமோன்னுதான் பென்குயின் படம் ஒட்டறீங்க. பென்குயினுக்கு இங்க யாரும் வேலை குடுக்கலை, பாருங்க.

என் ரோசனை இது. "ஒண்ணுமில்லை கண்ணு, உள்ள வா"ன்னு மட்டும் இழுத்துட்டுப் போகாதீங்க. பொய்யை அது மோப்பம் புடிச்சுரும். "கெட்டவங்க ஆத்தைக் கெடுத்துட்டாங்க"ன்னும் சொல்லாதீங்க. அன்னிக்குச் சாயங்காலம் சாயக் கையோட வர்ற அப்பனை அது எப்பிடிப் பாக்கும்? "துணிக்குச் சாயம் போட்ட தண்ணி, கண்ணு. சுத்தம் பண்ணித்தான் வெக்கோணும். யாரோ சுத்தம் பண்ணாம உட்டுட்டாங்க." அவ்வளவு போதும். அடுத்து "யாரு?"ன்னு கேக்கும். "விசாரிச்சுச் சொல்றேன்"னு சொல்லுங்க. சொன்னபடி விசாரிங்க.

எங்க விசாரிக்கறதுன்னு கேக்காதீங்க. அடுத்த பெத்தவங்க கூட்டத்துலயே கேளுங்க. கட்டிங் மாஸ்டரு வருவான், பட்டறைக் கணக்குப்புள்ளை வருவான், வார்டு கவுன்சிலரு பேரனுக்காக வருவாரு, நானும் வருவேன். எங்களையெல்லாம் அந்தக் குட்டி நாற்காலியில ஒக்கார வெச்சு, "உங்க புள்ளை கேட்டுது, பதில் சொல்லுங்க"ன்னு கேளுங்க. அந்த நாற்காலியில ஒக்காந்து எவனும் அதட்டிப் பேச முடியாது, முட்டி மூஞ்சியில இடிக்கும். அம்பதை வளைக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுக்குப் போகோணும்னு இல்லை அம்மிணி. அஞ்சு கேட்ட கேள்வியை அப்பிடியே எங்ககிட்ட தள்ளி உட்டாப் போதும்.

ஆகையால, பாடத்திட்டம் எப்ப வரும், கைப்பிரதி எப்ப வரும்னு காத்திருக்க வேண்டாம். நாளைக்கே குழியத் தோண்டுங்க. துணிக்கு நான் பொறுப்பு. எங்க ஊட்டுல நாலு பேரு பனியன் கம்பெனிக்குப் போறாங்க. எத்தனை வேணும்னு மட்டும் சொல்லி உடுங்க. அளவு எதுவா இருந்தாலும் மண்ணு ஆர்டரைத் திருப்பி அனுப்பாது.